எல்லாம் புரியுதுங்க, பேச்சு மட்டும்தான் வரலை

பக்கவாதம் வந்தவரை அழைத்துக்கொண்டு என் அறைக்குள் நுழையும் குடும்பத்தார் சொல்லும் முதல் வாக்கியம் அநேகமாக இதுதான்: "எல்லாம் புரியுதுங்க, பேச்சு மட்டும்தான் வரலை." சேலத்தில் பேச்சு, மொழி சிகிச்சையாளராக இருக்கும் இத்தனை ஆண்டுகளில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டுச் சாப்பிட அழைத்தால் அவர் வருகிறார். சட்டையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு கையை நீட்டச் சொன்னால் நீட்டுகிறார். ஆனால் அந்த இரண்டு இடத்திலும் தட்டும் சட்டையுமே செய்தியைச் சொல்லிவிடுகின்றன, சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை என்பது வீட்டில் இருப்பவர் கண்ணில் படுவதில்லை.

சென்ற ஆண்டு அம்மாப்பேட்டையிலிருந்து வந்த கைத்தறி நெசவாளர் ஒருவருக்கும் இதையே சொன்னார்கள். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்து, வலக்கையும் வலக்காலும் தளர்ந்திருந்தன. காது கேட்கிறதா, கண்ணாடி கொண்டு வந்திருக்கிறாரா என்று முதலில் பார்த்தேன். இத்தகையவர்களில் சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் குறைந்திருக்கும். அதைச் சரிபார்க்காமல் படங்களை வலப்புறம் பரப்பினால், காணாததைத் தெரியாதது என்று எழுதிவிடுவோம்.

பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, ஏப்ரல் வெயிலில், "இப்போது மழை பெய்கிறதா?" என்று கேட்டேன். தலையாட்டினார். நம் ஊர்த் தலையாட்டலில் 'ஆம்', 'இல்லை', 'சரி, பார்க்கலாம்' எல்லாமே கலந்திருப்பதால், டிக் குறியும் பெருக்கல் குறியும் எழுதிய இரண்டு அட்டைகளைக் கொடுத்துத் தொடச் சொன்னேன். டிக் குறியைத்தான் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாலும் இவ்வகைக் கேள்விகளில் பாதி சரியாகிவிடும். மூளைப் பாதிப்பால் மொழித்திறன் குறைவதை அஃபேசியா என்போம்; அதை அளக்கும் வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்னும் சோதனையில் இப்படி 20 கேள்விகள் இருப்பதற்குக் காரணம் அதுவே. மகன் முகம் வாடியது.

அதே சோதனையை ஒட்டி நான் கேட்பவற்றுள் ஒன்று தமிழில் தனிச் சுவை கொண்டது. "பேனாவால் சீப்பைத் தொடுங்கள்", "சீப்பால் பேனாவைத் தொடுங்கள்" ஆகிய இரண்டையும் பிரிப்பவை 'ஆல்', 'ஐ' என்னும் இரண்டு உருபுகள் மட்டுமே. நம் மொழியில் சொற்களை எந்த வரிசையில் வைத்தாலும் பொருள் மாறாததால், உருபைப் பிடிக்காதவருக்கு வரிசையும் கைகொடுக்காது. பேனா, சீப்பு, தொடு ஆகிய மூன்றும் அவருக்குப் புரிந்தன. எதை எதனால் என்பதுதான் விழுந்துபோயிருந்தது. முடிவில் வரும் மதிப்பெண் 100-க்கு 93.8-க்குக் கீழே இருந்தால் அஃபேசியா என்று கணக்கு. அந்த எண் கோப்புக்குத் தேவைதான்; எனக்குத் தேவை இந்த இடறல் எங்கே என்பது.

பேச்சிலும் அதே உருபுகள்தான் உதிர்ந்திருந்தன. நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கும் முதலாளி வீட்டுக்கு வந்து மகன் எங்கே என்று கேட்டபோது, "பையன்... தறி... போ" என்றாராம். மகன் தறிக்குப் போயிருக்கிறான் என்பதே அவர் சொல்ல நினைத்தது. தமிழ் வினையில் விகுதியை எடுத்துவிட்டால் மிஞ்சும் வேர்ச்சொல் அப்படியே ஏவலாகிவிடுகிறது. வயதில் மூத்த அந்த முதலாளி, தன்னைத்தான் 'போ' என்று விரட்டியதாக எண்ணிக் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். குணம் மாறிவிட்டது, மரியாதை போய்விட்டது என்று வீடுகளில் சொல்லப்படுவதில் ஒரு பங்கு இப்படி விகுதி போனதுதான் என்பது என் எண்ணம்.

பெயர் சொல்லும் சோதனையில் நான் ஊருக்கேற்பப் படங்களை மாற்றிக்கொள்கிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் சோதனையின் 60 படங்களில் இக்ளூ என்னும் பனிக்கட்டி வீடும், பிரெட்சல் என்னும் முடிச்சு வடிவ ரொட்டியும் உண்டு. அவை அம்மாப்பேட்டைக்காரருக்கு நோய் வருவதற்கு முன்பே தெரியாதவை. கொலுசு, தட்டுவடை, நாடா என்று மாற்றினால் அந்நாட்டு அட்டவணையோடு மதிப்பெண்ணை ஒப்பிட முடியாமல் போகும் என்பது தெரிந்தேதான் மாற்றுகிறேன். மாம்பழப் படத்தில் அவர் திணறியபோது "மா..." என்று எடுத்துக் கொடுத்ததும் சொல் முழுதாக வந்தது. சொல் அழியவில்லை, எட்டவில்லை.

முதல் நாள் தமிழில் மட்டும் சோதித்தது என் பிழை. அவர் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம்; தமிழ் கடைக்கும் கணக்குக்கும். மிகவும் பழகிய மொழியே முதலில் மீளும் என்று பித்ர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1895-இல் எழுதினார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை, ஆனால் இவருக்கு வீட்டு மொழியில் சொற்கள் தெளிவாகவே கூடுதலாக வந்தன. மருமகள் மொழிபெயர்த்தார். மாமனார் தவறாகச் சொன்னதை அன்பினால் திருத்தியே சொன்னதால், தவறைத் தவறாகவே சொல்லும்படி அவரிடம் இரண்டு முறை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

நெசவாளர் ஒன்று முதல் இருபது வரை தடையின்றிச் சொல்வார், பழைய பாட்டும் பாடுவார். ஏழை மட்டும் தனியே சொல்லச் சொன்னால் வராது. இதை நடிப்பு என்றவர்களும் உண்டு, அற்புதம் என்றவர்களும் உண்டு. பழக்கத்தில் ஓடுவது வேறு, தேடி எடுப்பது வேறு.

சிகிச்சையை நான் வினையிலிருந்து தொடங்கினேன். 'நெய்' என்று எழுதி, "யார்? எதை? எதால்?" என்று கேட்பேன். 'எதை' என்னும் கேள்விக்குள்ளேயே 'ஐ' இருப்பதால், அவர் தேடும் உருபு கேள்வியிலேயே காதில் விழுகிறது. வாரம் மூன்று நாள் என்னிடம், மற்ற நாளில் மருமகளிடம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் இன்னொருவருக்கு இந்த வசதி இல்லை. வாரம் ஒரு நாள் நேரில், மற்றவை கைபேசிக் காணொளியில். கோடை மழையில் அதுவும் அறுந்துபோகும்.

நெசவாளர் முதல் மூன்று மாதங்களில் வேகமாக முன்னேறி, பிறகு மெதுவானார், பெரும்பாலோருக்கு அப்படித்தான். சீப்பும் பேனாவும் இன்னும் குழப்புகின்றன. போன வாரம் மகன் எங்கே என்று கேட்டேன். "பையன் தறிக்கு... போ" என்றார். வினை இன்னும் ஏவலாகவே நிற்கிறது, 'கு' வந்திருக்கிறது. தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.