புது பேசினும் பழைய நானி ட்ராப்பும்

ஜூன் 3, செவ்வாய்

குளியலறையில் புது வாஷ் பேசின் மாட்டியாகிவிட்டது. பழையது நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பிருந்தே சுவரில் தொங்கிய சின்னக் கிண்ணம், ஓரமெல்லாம் விரிசல். இப்போது கிரானைட் பலகைமேல் உட்காரும் டேபிள் டாப், அடியில் பளபளக்கும் பாட்டில் ட்ராப், அதாவது தண்ணீர் இறங்கும் வழியில் மாட்டும் குப்பி. சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே இதுதான் முதல் டேபிள் டாப் என்று இவருக்குப் பெருமை.

ராத்திரி பல் துலக்கும்போது பார்க்கிறேன், தண்ணீர் இரண்டு விரற்கடை நின்று, யோசித்து யோசித்து இறங்குகிறது. பிளம்பர் தம்பிக்குப் போன் போட்டேன். "புதுசு அப்படித்தாங்க்கா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்." செருப்புக் கடி போகப் போகச் சரியாகும். குழாயுமா?

ஜூன் 4, புதன்

எவ்வளவு மெதுவு என்று அளந்துவிடலாம் என உட்கார்ந்தேன். மூடியை அழுத்தி அடைத்து, லிட்டர் ஜக்கால் நான்கு முறை ஊற்றித் திறந்துவிட்டேன். செல்போன் கடிகாரத்தில் 1 நிமிடம் 50 விநாடி. நடுநடுவே அடியில் "களக், களக்" என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுத் தறி ஓடும்போது இது காதில் விழாது. சாப்பாட்டு நேரத்தில் தறி நின்றபோதுதான் கேட்டது.

அத்தை வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கலந்து ஊற்றச் சொன்னார். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்புப் படிவும் இருந்தால் அது கேட்கும். நேற்று மாட்டியதில் என்ன பிசுக்கு? இவரோ ஆசிட் என்றார். காற்றோட்டமில்லாத குளியலறையில் அந்த நெடியை யார் தாங்குவது? ட்ராப்பின் பளபளப்பும் ஒரே நாளில் போய்விடும். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

மூடியை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று கையோடு வருகிறது. அதன் தண்டில் டெஃப்லான் டேப் துண்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்தேன். மறுபடி அளந்தால் 1 நிமிடம் 40. பத்து விநாடி லாபம்.

பழைய பேசினில் விளிம்புக்குக் கீழே ஒரு ஓட்டை இருக்கும், தண்ணீர் நிரம்பி வழியாமல் அது வழியே இறங்கிவிடும். இதில் அது இல்லை. பேசின் ஓட்டையில் மாட்டும் வடிகால் துண்டான கப்ளிங்கை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன். ஓட்டை வைத்த பேசினுக்கு ஹாஃப் த்ரெட் (பாதி வரை மரை), இல்லாததற்கு ஃபுல் த்ரெட் (முழுக்க மரை) என்றார் கடைக்காரர். எங்களுடையது ஃபுல் த்ரெட், சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். போன காரியம் ஒன்றுமில்லாமல் போனதால் தட்டுவடை செட் இரண்டு பிளேட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஜூன் 7, சனி

பாட்டில் ட்ராப்பைத் திறந்தேன். அடியில் பக்கெட் வைத்துவிட்டுக் கையாலேயே கிண்ணத்தைத் திருகலாம், ஸ்பானர் வேண்டாம். உள்ளே ஒரு கைப்பிடி வெள்ளைக் கட்டி! "நம்ம ஊர் சுண்ணாம்புக்கரட்டு மலை வெள்ளைக்கல்லே வந்து சேர்ந்துடுச்சா?" என்றார் அத்தை. போர் தண்ணீர் உப்புப் படியும்தான், ஆனால் நான்கு நாளில் இவ்வளவு படியாது. டைல்ஸ் இடுக்கில் பூசிய ஒயிட் சிமெண்ட் மிச்சத்தைப் பேசினிலேயே கழுவி ஊற்றியிருக்கிறார்கள்.

கழுவி, வாஷரைச் சரியாக உட்கார வைத்து மாட்டினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற தெம்பில் இவரையும் கூப்பிட்டு நிற்க வைத்து அளந்தேன். 1 நிமிடம் 30. இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

ஜூன் 8, ஞாயிறு

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இன்றுதான் செய்தேன். ட்ராப்பிலிருந்து வரும் வேஸ்ட் பைப், தரையில் உள்ள நானி ட்ராப்புக்குள், அதாவது குளியலறைத் தண்ணீர் வடியும், மேலே ஜாலி (சல்லடை மூடி) போட்ட குழிக்குள் போகிறது. அதை உருவிப் பக்கெட்டில் விட்டேன். அதே 4 லிட்டர், 15 விநாடி! அப்படியானால் பேசின், கப்ளிங், பாட்டில் ட்ராப் எதிலும் குற்றமில்லை. சரி, நானி ட்ராப்தான் அடைப்பு என்று அதில் ஒரு பக்கெட் தண்ணீரை நேராகக் கவிழ்த்தேன். மடமடவென்று போய்விட்டது.

தனித்தனியே இரண்டும் தங்கம். சேர்ந்தால்தான் தகராறு. அத்தையிடம் சொன்னேன், "நம்ம ரெண்டு பேர் மாதிரிதான்." சிரித்தார், நல்லவேளை.

உருவிய பைப்பின் நுனியைப் பார்த்தபோது புரிந்தது. கடைசி மூன்று அங்குலம் ஈரமும் கறுப்புமாக இருந்தது. நானி ட்ராப்பில் சாக்கடை நாற்றம் மேலே வராமலிருக்க எப்போதும் தண்ணீர் நிற்கும். பைப்பை அந்தத் தண்ணீருக்குள் முங்கும் வரை தள்ளியிருக்கிறார்கள். மேலே பாட்டில் ட்ராப்பிலும் அதே காரணத்துக்காகத் தண்ணீர் நிற்கிறது. இரண்டு தண்ணீருக்கும் நடுவில் பைப்புக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை. மேலிருந்து வரும் தண்ணீரை அது மெத்தை மாதிரி தாங்கிப் பிடிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழியாகத் தப்பிக்கும்போதுதான் அந்தக் "களக்". பழைய பேசினில் பாட்டில் ட்ராப்பே கிடையாது. பைப் நேராக இறங்கியது, காற்று மேலே போய்விட்டது.

அத்தை உடனே, "எண்ணெய் டின்னுக்கு ரெண்டு ஓட்டை போடுற மாதிரி" என்றார். அங்கே காற்று உள்ளே போக வேண்டும், இங்கே வெளியே வர வேண்டும். மற்றபடி அதேதான்; நான் ஐந்து நாள் சுற்றி வந்த இடத்துக்கு அவர் ஒரே வரியில் வந்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

பிளம்பர் தம்பி வந்தார். பக்கெட் வேடிக்கையைக் காட்டினேன். இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு, "ட்ராப்புக்கு ட்ராப் வெச்சுட்டோம்க்கா" என்று ஒத்துக்கொண்டார். பாட்டில் ட்ராப்பைக் கழற்றிவிடலாம், நாற்றத்தை நானி ட்ராப்பே பார்த்துக்கொள்ளும் என்றார். காசு கொடுத்து வாங்கியது, மோதிரம் கம்மல் விழுந்தால் அதில் தங்கும், இருக்கட்டும் என்றேன். பைப்பை நான்கு அங்குலம் வெட்டி, நுனி தண்ணீருக்கு மேலே நிற்கும்படி ஜாலி ஓட்டையில் செருகினார். தொய்வில்லாமல் இழுத்தும் விட்டார். 16 விநாடி. கூலி வாங்க மாட்டேன் என்றார். காபி மட்டும் குடித்தார்.

ஜூன் 12, வியாழன்

காலையில் மறுபடி தண்ணீர் நின்றது! மறுபடி "களக்". குனிந்து பார்த்தால், பைப்புக்கும் ஜாலிக்கும் இடையிலுள்ள சந்தில் பாலித்தீன் கவரைத் திணித்து, மேலே துணியும் இறுக்கி அடைத்திருக்கிறது. "கரப்பான் வருதே கண்ணு" என்கிறார் அத்தை.

அதைப் பிடுங்கிவிட்டுக் கொசுவலைத் துண்டை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். தண்ணீர் போகிறது. கரப்பான் விஷயம் ராத்திரி தெரியும்.