மூலையில் ஐந்து வைரஸ்

"வாப்பா. அஞ்சு வைரஸ் இருக்காம். எழுபது வெள்ளி கட்டினா போயிடுமாம்."

சிங்கப்பூர் தோ பாயோ வீட்டுக்குள் நுழைந்ததுமே அப்பா சொன்னது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வங்கி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் மூன்று எண்ணைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார்.

கணினித் திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புப் பெட்டி. உற்றுப் பார்த்தால், பெட்டிக்குள் பொடி எழுத்தில் குரோம் என்று இணைய உலாவியின் பெயர் இருந்தது.

வைரஸும் இல்லை, வைரஸ் தடுப்பும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் சீரியல் பார்க்கப் போய் 'அனுமதி' பொத்தானை அழுத்தியிருக்கிறார். அந்தத் தளம் அனுப்பும் அறிவிப்பு அது. குரோம் அமைப்புக்குப் போய் அனுமதியை எடுத்தேன். ஐந்தும் போயே போச்சு.

அப்புறம், கணினி வாங்கியபோதே உள்ளே இருந்த சோதனைக்கால வைரஸ் தடுப்பு மென்பொருள். காலாவதியாகி, சும்மா காசு கேட்டுக்கொண்டே கிடந்தது. அதை நீக்கியதும் விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு தானாக வேலையில் இறங்கியது.

"ஓசியில வர்றத நம்பலாமா?"

ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகச் சோதனைகளில் இது பலமுறை 18க்கு 18 வாங்கியிருக்கிறது என்றேன். மதிப்பெண் என்றதும் முகம் மலர்ந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் இல்லையா!

ஆனால் அட்டை எண்ணை அவரே தட்டிக் கொடுத்தால் எந்த மென்பொருள் தடுக்கும்? மோசடி உதவி எண் 1799ஐப் பெரிதாக எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்.

"சரி, அந்த சீரியல இனி எதுல பாக்குறது?"