ஓடு மாற்ற யாரிடம் கேட்பது?

தக்கலைப் பக்கம் என் மாமாவுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு. ஓட்டைத் தாங்கும் கூரை மரமான கழுக்கோல் பாதி உளுத்துவிட்டது, மழை பெய்தால் உள்ளே வாளி வைக்க வேண்டும். ஆனாலும் மாமா கை வைக்கப் பயந்தார். தெருமுனையில் தொல்லியல் துறைக் கோயில் ஒன்று இருக்கிறது. "மக்களே, நூறு மீட்டருக்குள்ள ஓட்டைத் தொட்டாலே கேஸாம்லா" என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

உள்ளூர் அலுவலகம் ஒன்றில் விசாரித்தோம். "என்.ஓ.சி. வாங்கிட்டு வாங்க" என்றார்கள், அதாவது தடையில்லாச் சான்று. யாரிடம் வாங்குவது என்பது மட்டும் அங்கே யாருக்கும் தெரியவில்லை. குமரி மாவட்டத்தில் இந்தக் குழப்பம் நியாயமானதுதான். பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்த பிறகும் அரண்மனை அவர்கள் பொறுப்பிலேயே இருக்கிறது. அதனால் பழைய கட்டடம் என்றாலே ஒருவர் திருவனந்தபுரத்துக்குப் போகச் சொல்வார், இன்னொருவர் அறநிலையத்துறையைக் கைகாட்டுவார்.

விடை கோயில் வாசலிலேயே இருந்தது. அங்குள்ள அறிவிப்புப் பலகையில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் என்று இருந்தால் அது மத்தியத் தொல்லியல் துறைக்கு உரியது. சிதறால் மலை, வட்டக்கோட்டை எல்லாம் இந்த வகை. தமிழக அரசின் பாதுகாப்பு என்றால் அது 1966-ஆம் ஆண்டுச் சட்டம், துறையும் வேறு. மத்தியப் பட்டியல் துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால், எவ்வளவு பழைய கோயிலாக இருந்தாலும் இந்த 1958 சட்டத்தின் நூறு மீட்டர் பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் கோயில் பட்டியலில் இருந்தது. சரி, அப்புறம் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 2010 திருத்தத்தின்படி முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அளப்பது கோபுரத்திலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து. ஊரில் டேப்பைப் பிடிக்கிறவர்கள் கோயில் சுவரிலிருந்து பிடிக்கிறார்கள். எல்லை அதையும் தாண்டி வெளியே இருக்கலாம். கோயிலைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த அரசு அறிவிக்கையில் உள்ள சர்வே எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். துறையின் கிளை அலுவலகத்தில் இருந்த அலுவலர் ஒருவர் வரைபடத்தை விரித்து, மாமாவின் மனை நூறு மீட்டருக்கு உள்ளேதான் வருகிறது என்று காட்டினார். மாமாவின் முகம் வாடிவிட்டது.

ஆனால் அந்தப் பகுதியில் தடை புதுக் கட்டுமானத்துக்குத்தான். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். மாடி எழுப்புவது, பக்கவாட்டில் நீட்டுவது, இடித்துக் கட்டுவது ஆகாது. அனுமதி இல்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊரார் பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் ஓடு மாற்றுவதையும் மாடி கட்டுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள்.

வீடு 1992-க்கு முந்தியது என்று காட்ட மாமா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பிரமாணம், அதாவது சொத்துப் பத்திரம், முழுக்க மலையாளத்தில், தேதி மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 1118 இடவ மாதம். 825-ஐக் கூட்டினால் 1943. வயதான பத்திர எழுத்தர் ஒருவர் சரளமாக வாசித்து, தமிழில் எழுதிக் கொடுத்தார். ஆனால் அதில் மனையும் மரங்களும்தான் விவரமாக இருந்தன, வீட்டைப் பற்றி ஒரே வரி. அதனால் பழைய வீட்டுவரி ரசீதுகளையும் சேர்த்தோம். எல்லையோர வீடுகளில் இந்தப் பழைய காகிதக் கட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

விண்ணப்பம் இணையவழியில்தான். மாநிலத்துக்கென உள்ள தகுதிவாய்ந்த அதிகாரி 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரைக்க வேண்டும், அதன்பின் ஒரு மாதத்தில் பதில் வர வேண்டும். சட்டத்தில் எழுதியிருப்பது இது. நடைமுறையில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பழுதுபார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. ஆசாரி கழுக்கோலை மாற்றிக்கொண்டிருக்கிறார். கொத்தனார் மட்டும் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசலாம் என்று விடாமல் சொல்கிறார். பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் பூச்சு பெயர்ந்து விழும். அந்த வாக்குவாதம் இன்னும் ஓடுகிறது.