நாட்டுக்கோழிக்குச் சளி பிடித்தபோது நாங்கள் செய்தது

ஐப்பசி மழையில் எங்கள் கோழிகளுக்குச் சளி பிடித்தது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. எல்லாம் அடைந்த பிறகு, கூண்டுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நின்றால் கொர் கொர் என்று மூச்சு இழுப்பது கேட்கும். எத்தனைக்குப் பிடித்திருக்கிறது என்று கணக்குப் பார்க்க அந்த நேரம்தான் சரி. சில பெட்டைகள் தும்மின, ஒன்றின் கண்ணோரத்தில் நுரை கட்டியிருந்தது. இரை எடுப்பது மட்டும் குறையவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, "ஊட்ல அமாக்சிசிலின் மாத்திரை இருந்தா பொடிச்சுத் தண்ணில கலக்கி வெய் கண்ணு" என்றார். எங்கள் பக்கம் பல வீடுகளில் அந்த ஆன்டிபயாட்டிக்தான் வழக்கம். ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் எதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் பயம் வெள்ளைக்கழிச்சல். அதிலும் மூச்சு இழுக்கும். கூடவே எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகும், கழுத்து திருகிக்கொள்ளும், சாவு அடுத்தடுத்து விழும். அது வைரஸ் நோய், எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. எச்சம் நன்றாக இருந்ததாலும், பிப்ரவரி முகாமில் தடுப்பூசி போட்டிருந்ததாலும் கொஞ்சம் தெம்பு வந்தது. அடுத்தது கொரைசா என்கிற சளி நோய். அது ஓரிரு நாளில் கூட்டம் முழுக்கப் பரவிவிடும், முகம் வீங்கும், மூக்குச் சளியின் நாற்றம் கூண்டுக்கு வெளியிலேயே அடிக்கும். இங்கே முகம் வீங்கவில்லை, நாற்றமும் இல்லை, பரவலும் மெதுவாகவே இருந்தது.

இதையெல்லாம் எழுதி, இரவுச் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்துகொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் சத்தத்தை இரண்டு முறை கேட்டார். சி.ஆர்.டி. எனப்படும் நாள்பட்ட சுவாச நோயாக இருக்கலாம், வேறு சில நோய்களிலும் இதே சத்தம் வரும், அதனால் செத்த கோழி கிடைத்தால் அறுத்துப் பார்ப்பது நல்லது என்றார். மறுநாளே ஒரு பெட்டை செத்துவிட்டது. உறைந்து போகாதபடி ஐஸ் சுற்றி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். மெல்லிசாக, தெளிவாக இருக்க வேண்டிய காற்றுப்பைகள் மங்கிப்போய், அவற்றில் தயிர்க்கட்டி போல மஞ்சளாக ஒட்டியிருந்தது. சி.ஆர்.டி.யைக் கொண்டுவரும் மைக்கோபிளாஸ்மா கிருமியோடு ஈ.கோலை என்ற இன்னொரு கிருமியும் சேர்ந்துகொண்டது என்றார்கள்.

அமாக்சிசிலின் ஏன் உதவாது என்பது அங்கேதான் புரிந்தது. அந்த மருந்து கிருமியின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது.

டாக்சிசைக்ளின் என்ற வேறு ஆன்டிபயாட்டிக்கை எழுதிக் கொடுத்தார்கள், அளவு கோழிகளின் எடையைப் பொறுத்தது. வேறு தண்ணீர் எங்கும் கிடைக்காதபடி தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டு, தினமும் காலையில் மருந்தைப் புதிதாகக் கலக்கி நிழலில் வைத்தோம். கிளிஞ்சல் தூளை நிறுத்தச் சொன்னார்கள், கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சேரவிடாதாம். சத்தம் குறைந்த பிறகும் சொன்ன நாள்வரை விடாமல் கொடுத்தோம். மருந்து கொடுத்த நாள்களில் வந்த முட்டைகளையும், மருந்து நின்றபின் மருத்துவர் குறித்த நாள்வரை வந்த முட்டைகளையும் குழி தோண்டிப் புதைத்தோம். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிற முட்டை.

மருந்தைவிடக் கூண்டு வேலைதான் அதிகம். ஈரமான உமியை வாரிக் கொட்டினோம். குளிருக்காக நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்த தார்பாயை மேலே ஒரு முழம் திறந்து விட்டோம். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வெளியேறாவிட்டால் மூச்சுக்குழாய் புண்ணாகி, நோய் இன்னும் சுலபமாகப் பிடிக்கும்.

கோழிகள் தேறிவிட்டன. ஆனால் சி.ஆர்.டி. வந்து தேறிய கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொடுக்கும். சந்தை வியாபாரி ஒருவர் சேவலுக்கு நல்ல விலை சொன்னார். கொடுக்கவில்லை. இன்னொருவர் கூட்டத்துக்கு இந்த நோயை அனுப்புவது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த முட்டைகளை அடைக்கும் வைப்பதில்லை. இருக்கும் கோழிகள் வீட்டு முட்டைக்கு மட்டும். இவை முடிந்ததும் கூண்டைக் கழுவிக் காயவிட்டு, சில வாரம் காலியாக வைத்த பிறகுதான் புதுக் குஞ்சு.