பிரேக் இன்ஸ்பெக்டர்கள்

தமிழ்நாட்டுச் சாலைகளில் காக்கி உடையுடன் வாகனங்களை நிறுத்திச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களை, நம் முந்தைய தலைமுறையினர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைத்தனர். 1914ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பின் வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம், பேருந்து, லாரி போன்ற வாகனங்களுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியதால், பொறியியல் அறிந்த ஓர் அலுவலரின் கையொப்பம் தவிர்க்க இயலாததாயிற்று.

1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 213ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு ஆய்வாளர்களுக்கான குறைந்தபட்சத் தகுதிகளை வரையறுத்தது: ஆட்டோமொபைல் அல்லது இயந்திரவியல் பட்டயம், பெட்ரோல், டீசல் வாகனங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையில் ஓராண்டு அனுபவம், மோட்டார் சைக்கிளுடன் கனரக வாகனங்களையும் ஓட்டும் உரிமம். லாரியை ஓட்டத் தெரியாதவர் அதன் பிரேக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதே இதன் உட்பொருள் என்று கருதுகிறேன். இந்தப் பணிமனை அனுபவச் சான்றுதான், 2018இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 113 நிலை-2 ஆய்வாளர் பணியிடங்களை அறிவித்தபோது நீதிமன்றம்வரை சென்றது.

2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வாகனங்களின் தகுதிச் சோதனையைத் தானியங்கி நிலையங்களுக்கு மாற்ற வழிவகுத்துவிட்டது. பிரேக்கின் திறனை இயந்திரம் அளந்துவிடும். ஆனால் விபத்துக்குள்ளான வாகனத்தை ஆராய்ந்து, இயந்திரக் கோளாறு காரணமா என்று அறிக்கை அளிக்கும் பொறுப்பு இன்றும் ஆய்வாளரிடமே உள்ளது.