நிலம் என்றால் வயல்

முதல் டிப்பர் ஓணம் விடுமுறையில்தான் வந்தது. ஆபீஸ் எதுவும் திறந்திருக்காது என்று மண் அடிக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். கேரளத்தில் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏரி, அதற்குக் கீழே கோரையும் சம்பும் மண்டிய தாழ்வான வயல். நாமக்கோழியும் முக்குளிப்பானும் அங்கேதான் குடித்தனம். திருவோணத்தன்று காலையில் போய்ப் பார்த்தால் கோரையின் மேல் எட்டு லோடு செம்மண். அதே வாரம் ஏரிக்கரையைக் குறுக்கே அறுத்துக் குடிநீர்க் குழாய் பதிக்கச் சுண்ணாம்புக் கோடும் விழுந்தது.

மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளை நம்பி முதல் மனுவை எழுதினேன். வீண். பாசனத்துக்கு வெட்டிய ஏரி, நெல்வயல் இரண்டையுமே அந்த விதிகள் ஈரநிலமாகக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் ஊரில் ஈரம் மிச்சம் இருப்பதே அந்த இரண்டில்தான்! கைகொடுத்தது கேரளத்தின் 2008ஆம் வருஷத்து நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம்.

வில்லேஜ் ஆபீஸில் வரிப் பதிவேட்டைப் பார்த்து, "வெறும் நிலம்னுதானே சார் போட்டிருக்கு" என்று சோர்ந்துபோய்ச் சொன்னேன். ஆபீசர் சிரித்துவிட்டார். கேரள ரெவின்யூவில் நிலம் என்றால் வயல். மேட்டு இடத்துக்குப் பெயர் புரையிடம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

ஆனால் அதுவும் முழுசாகப் போதாது. அந்தச் சட்டப்படி பாதுகாக்க வேண்டிய வயல்களின் பட்டியலுக்கு டேட்டா பேங்க் என்று பெயர். சர்வே நம்பர் அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால், 2018 திருத்தத்துக்குப் பிறகு பணம் கட்டி வேறு உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. கிருஷி பவன் என்கிற வேளாண் ஆபீஸில் கேட்டுப் பார்த்தால், அந்த வயலின் நம்பர் இருந்தது. கூடவே, அதை நீக்கச் சொல்லி இடத்துக்காரர் வருவாய்க் கோட்ட அதிகாரிக்கு (ஆர்.டி.ஓ.) விண்ணப்பம் போட்டிருப்பதும் தெரிந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமையில் நகல் கேட்டேன். முப்பது நாள் கெடு. இருபத்தொன்பதாம் நாள் கவர் வந்தது.

ஆட்சேப மனுவைத் தமிழில்தான் எழுதினோம். "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு ஆபீஸில் திருப்பிக் கொடுத்தார்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் தமிழிலேயே மனு கொடுக்கலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்பது 1969லிருந்தே சட்டம். அதைச் சொன்னதும் வாங்கிக்கொண்டார்கள். பதில் மலையாளத்தில் வந்தது, அது வேறு கதை.

அப்புறம் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு நேரில் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர், வேளாண் அதிகாரி, வில்லேஜ் ஆபீசர், விவசாயிகள் மூன்று பேர். வேளாண் அதிகாரி மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோரைக்குள்ளேயே இறங்கிவிட்டார். மண்வெட்டியால் ஓரடி தோண்டச் சொன்னார். கறுப்புச் சேறு, அழுகின வேர் வாசம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குழியில் தண்ணீர் ஊறிக் கணுக்கால் அளவுக்கு வந்தது. நான் எழுதிய ஆறு பக்கத்தைவிட அந்தக் குழி பேசியது. 2008ல் இடம் எப்படி இருந்தது என்று காட்டும் செயற்கைக்கோள் படமும் எங்கள் பக்கமே நின்றது. விண்ணப்பம் தள்ளுபடி ஆனது.

குழாய் விஷயம்தான் சங்கடம். இது மழை குறைந்த சீமை. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற தெரு. "ஏஞ்சாமி, குழாயே வேண்டாங்கறயா?" என்று எதிர்வீட்டு ஆத்தா கேட்டபோது எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. குழாய் வேண்டும், கரையை வெட்ட வேண்டாம், ரோட்டோரமாகப் போகட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கரை உடைந்தால் ஏரியில் தண்ணீர் நிற்காது, நம் கிணறுகளும் இறங்கும் என்று ஆத்தாவிடம் சொன்னேன். "அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றார். அடுத்த மனுவில் முதல் கைநாட்டு அவருடையது. இன்ஜினியர் வந்து டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, ரோட்டு வழி நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் கூடுதல் என்றார். குழாய் அப்படியே போனது. ஆத்தா வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது.

கொட்டின மண்ணை அள்ளச் சொல்லி உத்தரவு போட்டாயிற்று. ஐந்து லோடு எடுத்தார்கள். மிச்சம் மூன்று லோடு அங்கேயேதான் கிடக்கிறது, மேலே எருக்கு முளைத்திருக்கிறது. அதற்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.