கைக்குப் பழகாத துடுப்பு

ஆகஸ்ட் 9, சனி

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்திருக்கும் சித்தியின் மகன் தன் கயாக் (உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) துடுப்பையும் இரண்டாகக் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறான். கார்பன் துடுப்பு, தூக்கினால் பாரமே தெரியவில்லை. "அண்ணை, நாளைக்கு நீங்கள் இதைப் பிடியுங்கோ, நான் உங்கடையைப் பிடிக்கிறன். கசூரினாவில இருந்து வெளிக்கிடுவம்" என்றான்.

துடுப்பு மாற்றுவதற்குச் சரி சொன்னேன், கசூரினாவுக்குச் சொல்லவில்லை. அது காரைநகரின் வடகரை. இப்போது வீசுவது சோளகம், தென்மேற்கில் இருந்து வருகிற காற்று. அங்கே அது நிலத்தைக் கடந்து கடலை நோக்கிப் போகும். கரையோரத் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். அதை நம்பி வெளியே போனால் காற்று பாக்கு நீரிணைப் பக்கம் தள்ளிவிடும், திரும்பும் வழியெல்லாம் எதிர்க்காற்று. புதுத் துடுப்போடு அந்த வேலை வேண்டாம். யாழ்ப்பாண நகரின் தென்கரையில், குருநகர்ப் பக்கம் நீரேரியில் இறங்கினால் அதே சோளகம் எங்களைக் கரைக்கே கொண்டுவரும். சின்ன அலை இடைவிடாமல் அடிக்கும், உடுப்பு நனையும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடியற்காலையிலேயே போய்விட்டோம். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டுவதில்லை என்று பேசி வைத்துத்தான் இறங்கினோம்.

கயாக் துடுப்பில் தண்டின் இரு முனையிலும் தண்ணீரைத் தள்ளும் தட்டையான அலகு இருக்கும். என் துடுப்பில் இரண்டு அலகும் ஒரே தளத்தில் இருக்கும். அவனுடையதில் ஒன்றுக்கொன்று 60 பாகை திருகி இருக்கிறது. எதிர்க்காற்றில் மேலே நிற்கும் அலகு காற்றைப் பிடிக்காமல் வெட்டிப் போவதற்காக அப்படி வைப்பார்கள். வலது கை தண்டை விடாமல் பிடிக்கும். இடப்பக்கம் வலிக்கும் முன் வலது மணிக்கட்டைப் பின்னால் மடித்தால் தண்டு இடது கைக்குள் சுழலும். நேராக வலித்துப் போகும்போது இது கொஞ்ச நேரத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. எனக்குப் பயம் அதில்தான். பிடிபட்டுவிட்டது என்று நினைத்து ஆழத்துக்குப் போவோம். படகு திடீரென்று சாயும்போது யோசிக்க நேரம் இருக்காது. கவிழாமல் இருக்க, கை தன் பழைய பழக்கத்தில்தான் துடுப்பைத் தண்ணீரில் அறையும்.

ஆகவே வேண்டுமென்றே சாய்த்துப் பார்த்தேன், தம்பி பக்கத்தில் நின்றான். வலப்பக்கம் சாய்ந்து அறைந்தேன். அலகு தட்டையாக விழுந்து தாங்கியது, நிமிர்ந்தேன். இடப்பக்கம் அதேபோல அறைந்தேன். அலகு விளிம்பால் தண்ணீரை வெட்டிக்கொண்டு கீழே போனது, படகும் நானும் அதன் பின்னால் போனோம். வலது கையும் வலது அலகும் எப்போதும் ஒத்து நிற்கும், திருகல் முழுவதும் இடப்பக்கத்தில் போய்ச் சேரும். வலப்பக்கத்தை மட்டும் சோதித்தவருக்கு இந்தத் துடுப்பு நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று கடலுக்குப் போகவில்லை. துடுப்பின் நடுப் பொருத்தைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினோம். மணலும் உப்பும் உள்ளே காய்ந்தால் பிறகு கழற்றவே முடியாது. பொருத்தைப் பூட்டும் பொத்தான் முழுதாக வெளியே வந்து நிற்கிறதா, தண்டு ஆடுகிறதா என்றும் பார்த்தோம்.

இந்தப் பொருத்தில் பொத்தானுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளை இருக்கிறது, பூச்சியத்திலும், அதாவது இரண்டு அலகும் ஒரே தளத்தில் நிற்கும்படியும், பூட்டலாம். அப்படிப் பூட்டினால் எனக்குச் சிக்கல் பெரும்பகுதி தீர்ந்தது. ஆனால் அவனுக்கு 60 பாகைதான் கையில் ஊறியிருக்கிறது. இங்கேதான் படகின் மேல்தட்டில் கட்டிவைக்கும் உபரித் துடுப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். முதல் துடுப்பு உடைந்து அல்லது கைநழுவிப் போய், அலையும் அடிக்கிற நேரத்தில்தான் அதை இழுத்தெடுப்போம். அந்த நேரத்தில் புதுக் கோணம் பழக முடியாது. அவரவர் படகில் அவரவர் கோணத்திலேயே உபரித் துடுப்பும் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 16, சனி

என் துடுப்பைப் பிடித்த தம்பிக்கு இரண்டு நாள் தோள் வலி. அவன் பழகியது 210 சென்ரிமீற்றர், என்னுடையது 230, அலகும் அகலம். ஒவ்வொரு வலிப்பிலும் தண்ணீரை அதிகமாக அள்ளும், தோள்தான் அதைச் சுமக்கும். இரவல் துடுப்பில் வேகத்தைக் குறைத்து, தூரத்தையும் குறைத்துக்கொள்வது நல்லது.

இன்று பக்கக்காற்று இருந்தது. மேலே தூக்கிய அலகைக் காற்று பிடுங்கப் பார்த்தால் தண்டோடு மல்லுக்கட்டக் கூடாது, காற்று வருகிற பக்கத்துக் கையை ஒரு கணம் தளர்த்திவிட வேண்டும் என்று அவன் காட்டித்தந்தான். செய்து பார்த்தேன். துடுப்பு தானாகவே தாழ்ந்தது, படகு அசையவில்லை. பழகாத கைக்கு எதிர்த்துப் பிடிக்கத்தான் தோன்றும், அதனால் இதைக் கரையோரத்திலேயே பல தடவை செய்து பார்த்தோம்.

கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "தம்பியவை, பத்து மணிக்குப் பிறகு காத்து ஏறும், கெதியா வாங்கோ" என்றார். ஏறியது, அதற்கு முன்பே வந்துவிட்டோம்.

நாளை காற்று இறங்கினால் மண்டைதீவுப் பக்கம், கரையை ஒட்டியே போகிறோம். நான் என் துடுப்போடு, அவன் அவனுடையதோடு. கார்பன் துடுப்பைப் பூச்சியத்தில் பூட்டி இடப்பக்கம் இன்னும் சாய்த்துப் பழகுவதைத் திரும்பி வந்து இடுப்பளவுத் தண்ணீரில் வைத்துக்கொள்ளலாம்.